மூணு விசில் ஆச்சு, போய் அடுப்பை அணை

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. வீட்டில் ஊருக்குப் போயிருந்தார்கள். நான் குக்கரில் பருப்பை ஏற்றிவிட்டு கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை விளையாட உட்கார்ந்துவிட்டேன். இணையத்தில் சேர்ந்து ஆடும் நாங்கள் நான்கு பேர். ஒருவன் துபாய், ஒருவன் ஓசூர், ஒருவன் திருச்சி, நான் மதுரை. எதிராளியின் காலடிச் சத்தத்தை வைத்தே அவன் எந்தக் கதவு வழியாக வருகிறான் என்று கணிக்க வேண்டிய கட்டம். அப்போது ஹெட்செட்டில் துபாய்க்காரன் சொல்கிறான்: "டேய், மூணு விசில் ஆச்சு. போய் அடுப்பை அணைச்சிட்டு வா."

என் வீட்டுக் குக்கர் எனக்குக் கேட்கவில்லை. துபாயில் கேட்டிருக்கிறது.

அன்று எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்த விசிலில் காலடிச் சத்தம் அடிபட்டு, அந்த ரவுண்டில் நான்கு பேரும் செத்தோம். அன்றிலிருந்து என் கட்சி இதுதான்: விளையாடும்போது மைக் மூடியே இருக்க வேண்டும். பேச வேண்டும் என்றால் ஒரு கீயை அழுத்து, பேசு, விட்டுவிடு. புஷ் டு டாக். இதைச் சொன்னால் எங்கள் குழுவில் என்னைப் பழைய பஞ்சாங்கம் என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

பழைய பஞ்சாங்கம்தான். கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 என்ற துப்பாக்கி விளையாட்டை நான் பழகியது பிரவுசிங் சென்டரில். அந்த விளையாட்டிலேயே கே என்ற கீயை அழுத்தினால் குழுவோடு பேசலாம். ஆனால் சென்டரில் எந்தக் கம்ப்யூட்டரிலும் மைக் கிடையாது. வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கத்துவோம், எதிரணிக்கும் கேட்கும். கடைக்கார அண்ணன், "தம்பிகளா, கத்தாம ஆடுங்க, இல்லேன்னா எந்திரிங்க" என்பார்.

வெளிநாட்டில் அப்போதே இதற்கென்று மென்பொருள்கள் வந்துவிட்டன. 1999-இல் ரோஜர் வில்கோ. பெயரே வயர்லெஸ்காரர்கள் பேசும் பாஷை. 2001-இல் டீம்ஸ்பீக், 2002-இல் வென்ட்ரிலோ, 2005-இல் மம்பிள். இவற்றில் ஒரு தொல்லை: யாராவது ஒருவர் சர்வர் வைத்திருக்க வேண்டும், அல்லது காசு கொடுத்து வாடகைக்கு எடுக்க வேண்டும். எங்களுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது என்று ஸ்கைப்பில் பேசினோம். அதில் நம் ஐ.பி. முகவரி, அதாவது இணையத்தில் நம் இணைப்பின் விலாசம், மற்றவனுக்குத் தெரிந்துவிடும். தோற்ற கடுப்பில் நம் இணைப்பையே அடித்துத் தூக்கிவிடும் ஆட்கள் அன்றைக்கு உண்டு.

அப்புறம் 2015 மே மாதம் டிஸ்கார்ட் வந்தது. ஜேசன் சிட்ரான், ஸ்டானிஸ்லாவ் விஷ்னெவ்ஸ்கி என்ற இருவர் ஃபேட்ஸ் ஃபாரெவர் என்று ஒரு விளையாட்டைச் செய்தார்கள், அது ஓடவில்லை. விளையாடும்போது பேசிக்கொள்ள உருப்படியான கருவி இல்லையே என்று அவர்கள் செய்ததுதான் இன்று நாம் எல்லோரும் உட்கார்ந்திருக்கும் இடம். இலவசம், ஒரு லிங்க் அனுப்பினால் போதும், ஆள் உள்ளே வந்துவிடுவான். எல்லாம் நல்லதுதான். ஆனால் புதிதாக நிறுவியதும் மைக் தானாகத் திறந்து தானாக மூடிக்கொள்ளும் முறையில்தான் இருக்கும். என் சண்டை அந்த ஒரு இடத்தில்.

தானாகத் திறப்பது எப்படி? இவ்வளவு சத்தத்துக்கு மேல் வந்தால் பேச்சு என்று எடுத்துக்கொள்ள ஒரு அளவு இருக்கிறது. அந்த அளவைத் தாழ்த்தி வைத்தால் நம் வீட்டு மின்விசிறியே மைக்கைத் திறந்துவிடும். உயர்த்தி வைத்தால் அது விழித்துக்கொள்வதற்குள் முதல் எழுத்து போய்விடும். திருச்சிக்காரன் ஒருநாள் பதறிப்போய் "ன்னாடி, ன்னாடி!" என்று கத்தினான். முன்னாடியா, பின்னாடியா? நான் முன்னால் பார்த்தேன். குண்டு முதுகில் பாய்ந்தது.

இரைச்சலை நீக்கும் வசதி இருக்கிறதே என்பார்கள். 2020-இல் டிஸ்கார்டில் கிரிஸ்ப் என்று ஒன்றைச் சேர்த்தார்கள், பிரமாதமாக வேலை செய்கிறது. மின்விசிறி, கீபோர்டு, ஆட்டோ ஹாரன் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஆனால் அது விட்டுவைப்பது மனிதக் குரலை. பக்கத்து அறையில் ஓடும் சீரியலில் மாமியார் அழுவதும் மனிதக் குரல்தானே? ஓசூர்க்காரன் வீட்டில் கரண்டு பில் யார் கட்டுவது என்று நடந்த சண்டை முழுவதும் எனக்குத் தெரியும். தெரிந்துகொள்ள நான் ஆசைப்படவில்லை.

டேட்டாவுக்காக மைக்கை மூடச் சொல்லவில்லை. 64 கிலோபிட் வேகத்தில் ஒருவன் மூச்சு விடாமல் ஒரு மணி நேரம் பேசினாலும் 29 எம்.பி. தாண்டாது. அப்படி மூச்சு விடாமல் பேசுபவன் எங்களிடம் ஒருவன் உண்டு, அதனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

புஷ் டு டாக்கிலும் தமிழனுக்கு ஒரு வில்லங்கம் இருக்கிறது. நம் பேச்சில் வினை கடைசியில் வரும். "மாடியில ஆள்..." என்று சொல்லிக் கீயை விட்டுவிட்டால் இருக்கிறானா இல்லையா என்பது போய்ச் சேராது. அதனால் செட்டிங்ஸில் கீயை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் மைக் திறந்திருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். நான் 300 மில்லிநொடி வைத்திருக்கிறேன்.

மொபைலில் ஆடும் தம்பிகள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். இரண்டு கட்டைவிரலும் வேலையில் இருக்க, எதை வைத்து அழுத்துவது? நியாயம்தான், அதற்கு என்னிடம் பதில் இல்லை. செத்த பிறகாவது மைக்கை மூடுங்கள், அது போதும்.

இதுவரை சொன்னது தெரிந்தவர்களோடு ஆடுவதைப் பற்றி. தெரியாதவர்களோடு என்றால் மைக்கே வேண்டாம் என்பேன். காரணம் என் அக்கா மகள். கோவையில் கல்லூரியில் படிக்கிறாள், என்னைவிட நன்றாகச் சுடுவாள். ஒருநாள் ஒரு விளையாட்டில் மைக்கைத் திறந்து "பி சைட்ல ரெண்டு பேர்" என்று ஆங்கிலத்தில் சொன்னாளாம், அவ்வளவுதான். "பொண்ணா? பொண்ணா?" என்று ஆரம்பித்து இன்ஸ்டா ஐடி கேட்டு, தரவில்லை என்றதும் கெட்ட வார்த்தையில் முடிந்திருக்கிறது. "அப்புறம் என்னம்மா பண்ணின?" என்றேன். "மைக்கை ஆஃப் பண்ணிட்டேன் மாமா. மேட்ச்சை ஜெயிச்சுட்டுதான் வெளிய வந்தேன்."

வாயைத் திறக்காமல் எப்படி என்றால், பிங். இடத்தைக் காட்டி ஒரு பட்டனை அழுத்தினால் குழுவில் எல்லோருக்கும் தெரியும். 2019 பிப்ரவரியில் வந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற விளையாட்டு இதை மிக அழகாகச் செய்தது. ஆள் இங்கே, துப்பாக்கி அங்கே, இந்தப் பக்கம் போகலாம் என எல்லாவற்றையும் ஒரு பட்டனில் சொல்லலாம். அறிமுகமில்லாதவனுக்கு அதற்கு மேல் என்ன பேச வேண்டியிருக்கிறது?

கால் ஆஃப் டூட்டி என்ற துப்பாக்கி விளையாட்டில் குரலைக் கேட்டு வசவைக் கண்டுபிடிக்கும் டாக்ஸ்மாட் என்ற கருவியை 2023-இல் கொண்டுவந்தார்கள். முதலில் ஆங்கிலத்துக்கு மட்டும். நம் ஊர் வசவு அதற்கு என்றைக்குப் புரியுமோ. அதுவரை என் அக்கா மகளுக்கு மியூட் பட்டன்தான் துணை.

மூன்று மாதமாக நான் கீயை அழுத்தித்தான் பேசுகிறேன். போன ஞாயிறும் வீட்டில் ஆள் இல்லை. குக்கரை ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன். நல்ல ஆட்டம், காலடிச் சத்தம் அத்தனையும் தெளிவாகக் கேட்டது, வரிசையாக மூன்று மேட்ச் ஜெயித்தோம். தீய்ந்த வாடை மூக்கில் ஏறியபோதுதான் அடுப்பு ஞாபகம் வந்தது. கீயை அழுத்தி, "ஒரு நிமிஷம்டா" என்றேன்.

"ஏண்டா, ரொம்ப நாளா உன் குக்கர் சத்தத்தையே காணோம்," என்றான் துபாய்க்காரன். "இப்பல்லாம் வீட்ல சமைக்கிறதே இல்லையா?"