தீர்ப்புக்கு முன்னாலேயே ஒரு பிரஸ் மீட்

நேற்றிலிருந்து என் டைம்லைன் முழுக்க அந்த வீடியோதான். யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, பாதிப் பேர் நீங்களே பகிர்ந்திருக்கிறீர்கள். கம்பெனி வாசலில் ஒரு மனிதரைக் கைவிலங்கு போட்டுக் காரில் ஏற்றுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் கொடிகளுக்கு நடுவே, மைக்குக்கு முன்னால், அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் பிராசிக்யூட்டர் வந்து நிற்கிறார். குற்றப்பத்திரிகை வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. சாட்சி விசாரணை இல்லை, ஜூரி இல்லை. அதற்குள் நம் ஆட்கள் தண்டனை வரைக்கும் பேசி முடித்துவிட்டார்கள். நான் மிகவும் மதிக்கிற அண்ணன் ஒருவர், "நெருப்பில்லாமல் புகையுமா தம்பி?" என்று கமெண்ட் போட்டிருக்கிறார்.

புகையும் அண்ணா. அமெரிக்காவில் பல தடவை புகைந்திருக்கிறது.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. வழக்குப் போடுகிறவரே நாளைக்கு ஓட்டுக் கேட்டு வரப்போகிறவராக இருந்தால், அவர் காட்டும் கைவிலங்கை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கோர்ட்டில் நிரூபிக்கட்டும். அதுவரை பொறுங்கள்.

1987 பிப்ரவரியில் நியூயார்க்கில் என்ன நடந்தது என்று பாருங்கள். அப்போது அங்கே ஃபெடரல் பிராசிக்யூட்டர் ரூடி ஜூலியானி. இன்சைடர் டிரேடிங், அதாவது உள் ரகசியத்தை வைத்துப் பங்கு வியாபாரம் செய்தார்கள் என்று சொல்லி வால் ஸ்ட்ரீட்டில் மூன்று பேரைக் கைது செய்தார்கள். ஒருவரை கிடர் பீபாடி நிறுவனத்தில் அவர் கூட வேலை பார்ப்பவர்கள் பார்க்கப் பார்க்க விலங்கு போட்டு அழைத்துப் போனார்கள். ஓடி ஒளியக்கூடிய ஆள் இல்லை, வக்கீல் மூலம் கூப்பிட்டிருந்தால் தானே வந்திருப்பார். மே மாதமே அரசுத் தரப்பு அந்தக் குற்றப்பத்திரிகையைக் கைவிட்டது. மூவரில் இருவர்மீது அதற்குப் பிறகு குற்றச்சாட்டே வரவில்லை. மூன்றாமவர் 1989-ல் ஒரே ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதே 1989-ல் ஜூலியானி மேயர் தேர்தலில் நின்று தோற்றார், 1993-ல் ஜெயித்தார்.

அதே அலுவலகம் பிரின்ஸ்டன் நியூபோர்ட் என்ற முதலீட்டு நிறுவனத்தின்மீது ரீகோ சட்டத்தைப் பாய்ச்சியது. ரீகோ 1970-ல் மாஃபியா கும்பல்களை ஒடுக்கக் கொண்டுவந்த சட்டம். வரிக் கணக்கில் பங்குகளை எப்படிக் காட்டினார்கள் என்ற தகராறுக்கு அதை எடுத்தார்கள். நிறுவனம் தீர்ப்பு வரும்வரை தாக்குப்பிடிக்கவில்லை, கலைந்துபோனது. 1991-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரீகோ தண்டனைகளை ரத்து செய்தது. யாருக்காக? நிறுவனம்தான் இல்லையே.

இன்னொன்று. ஜங்க் பாண்ட் எனப்படும் ரிஸ்க் அதிகமான கடன் பத்திரங்களில் பெரும் பணம் சம்பாதித்த மைக்கேல் மில்கனை அந்த அலுவலகம் எப்படித் துரத்தியது என்று உங்களுக்குத் தெரியும். 2020-ல் டிரம்ப் அவருக்கு மன்னிப்பு கொடுத்தபோது, ஆதரித்தவர்கள் என்று வெள்ளை மாளிகை வெளியிட்ட பட்டியலில் ஜூலியானி பெயரும் இருந்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏன் இவ்வளவு கொதிக்கிறாய் என்று சிலர் கேட்பீர்கள். சொல்கிறேன்.

பல வருஷத்துக்கு முன் நியூ ஜெர்சியில் ஒரு சின்ன நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அரசு கான்ட்ராக்டில் பில் போட்ட முறை சரியா தப்பா என்று ஒரு தகராறு. ஆடிட்டரும் அதிகாரியும் உட்கார்ந்து பேசி, வித்தியாசத்தைக் கட்டச் சொல்லி முடித்திருக்கக்கூடிய விஷயம். ஒரு காலையில் ஏஜென்ட்கள் வந்தார்கள். எங்களைச் சுவரோரம் நிற்க வைத்துவிட்டு சர்வரைக் கழற்றினார்கள், ஃபைல் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டி நம்பர் எழுதினார்கள். என் மேஜை டிராயரில் இருந்த செக் புத்தகத்தையும் பையில் போட்டு சீல் வைத்தார்கள். மறுநாள் சம்பள நாள். "சார், அதில்லாமல் இவர்களுக்குச் சம்பளம் போட முடியாது" என்றேன். அந்த ஏஜென்ட் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அதற்குள் வாசலில் டிவி வண்டி நின்றது. யார் சொல்லி வந்தது? எந்த அலுவலகம் என்று நான் எழுதப் போவதில்லை. முதலாளியின் வங்கி, கணக்கை மூடச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கோயில் கமிட்டியில் "பிரச்சினை முடியும்வரை ஒதுங்கியிருங்கள்" என்றார்கள், நம்மவர்கள்தான். கடைசியில் குற்றச்சாட்டே இல்லாமல் விசாரணை முடிந்தது. வக்கீலுக்கு ஒரு போன் கால், அவ்வளவுதான். அதற்கு எந்த டிவி வண்டியும் வரவில்லை. நிறுவனம் அதற்குள் பூட்டப்பட்டிருந்தது.

சரி, "அப்போ பணக்காரத் திருடனை விட்டுவிடலாமா?" என்பீர்கள். நான் அப்படி எங்கே சொன்னேன்? முதலீட்டாளர்களை ஏமாற்றிய மேடாஃபுக்கு 2009-ல் 150 வருஷம் கொடுத்தார்கள், எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லை. பொய்க் கணக்குக் காட்டித் திவாலான என்ரான் கம்பெனி ஆட்களுக்காகவும் நான் பேச வரவில்லை. ஆனால் அந்த என்ரான் விவகாரத்தில் ஆர்தர் ஆண்டர்சன் என்ற ஆடிட் நிறுவனத்தையே ஒட்டுமொத்தமாகக் குற்றவாளியாக்கினார்களே? அமெரிக்காவில் மட்டும் சுமார் 28,000 பேர் வேலை பார்த்த இடம். 2002-ல் தண்டனை, நிறுவனம் காலி. 2005-ல் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அதை ரத்து செய்தார்கள். அங்கே வேலை பார்த்த என்னைப் போன்ற கணக்குப் பிள்ளைகள் என்ன தப்பு செய்தார்கள்?

"2008 நிதி நெருக்கடிக்கு வங்கிக்காரன் ஒருத்தனையும் பிடிக்கவில்லையே" என்று இன்பாக்ஸில் ஒருவர். ஒரு வங்கியைப் பிடித்தார்கள். மன்ஹாட்டன் சைனாடவுனில் குடியேறிகளுக்குக் கடன் கொடுக்கும் அபாகஸ் என்ற குடும்ப வங்கி. தங்கள் ஊழியர் ஒருவர் செய்த தில்லுமுல்லைத் தாங்களே கண்டுபிடித்து, அவரை வேலையைவிட்டு நீக்கி, கண்காணிப்பு அமைப்புக்கும் தெரிவித்தவர்கள். 2012-ல் மன்ஹாட்டன் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, அதாவது அந்தப் பகுதியின் தலைமைப் பிராசிக்யூட்டர் சைரஸ் வான்ஸ் வங்கியின்மீதே வழக்குப் போட்டார். அது தேர்தலில் ஜெயித்து வரும் பதவி. ஊழியர்களை ஒரே சங்கிலியில் கோத்துக் கோர்ட் நடைபாதையில் கேமராக்கள் முன் நடத்தினார்கள். அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். 2015-ல் வங்கியை எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் ஜூரி விடுவித்தது. பெரிய வங்கிகள் அபராதம் கட்டிவிட்டுப் போயின. சங்கிலி யாருக்கு வந்தது என்று பார்த்தீர்களா?

எலியட் ஸ்பிட்சரையும் மறந்துவிட்டீர்கள். நியூயார்க் மாநிலத்தின் தலைமை அரசு வக்கீலான அட்டர்னி ஜெனரலாக இருந்தபோது, பங்கு மோசடிக்கு எதிரான 1921-ம் வருஷத்து மார்ட்டின் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார். சிவில் வழக்கில் ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று நிரூபிக்கத் தேவையில்லாத சட்டம் அது. 2005-ல் ஏஐஜி இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தலைவர் ஹாங்க் கிரீன்பெர்க் பதவி இழந்தார்; அடுத்த மாதமே ஸ்பிட்சர் டிவியில் அந்த நிறுவனத்தில் நடந்ததை மோசடி என்று பேசினார். கிரீன்பெர்க்மீது கிரிமினல் வழக்கு கடைசிவரை வரவேயில்லை. சிவில் வழக்கு 2017-ல் பணம் கட்டி சமரசமாக முடிந்தது. ஸ்பிட்சர் 2007-லேயே கவர்னர் ஆகிவிட்டார்.

"மக்கள் தேர்ந்தெடுப்பதில் என்ன தப்பு?" என்று ஒரு கேள்வி. தேர்ந்தெடுங்கள். வழக்கை விளம்பரமாக்காதவரைத் தேர்ந்தெடுங்கள்.

"ஆனால் நிறைய பேர் ஒப்புக்கொள்கிறார்களே!" என்பதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிற கேள்வி. ஃபெடரல் தண்டனைகளில் 97 சதவீதம் ஒப்புதல் மூலம் வருபவை என்று உச்ச நீதிமன்றமே 2012-ல் எழுதியது. ஒப்புக்கொண்டால் சில மாதம், வழக்காடித் தோற்றால் பல வருஷம். பிள்ளை காலேஜில் இருக்கிறாள், வீட்டுக் கடன் இருக்கிறது, வக்கீல் மணிக்கணக்குக்கு பில் போடுகிறார். உங்களிடம் அந்தக் காகிதத்தை நீட்டினால் என்ன செய்வீர்கள்? என் முதலாளியிடமும் அப்படி ஒரு பேரம் பேசினார்கள். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றே அவர் நினைத்தார். அவர் மனைவிதான் விடவில்லை. போட்டிருந்தால் இன்றைக்கு நீங்கள் அவரையும் ஒப்புக்கொண்ட திருடன் என்றுதான் எழுதியிருப்பீர்கள்.

தப்பான வழக்குப் போட்ட பிராசிக்யூட்டர்மீது இழப்பீடு கேட்டு வழக்காடவும் முடியாது. 1976-ல் இம்ப்ளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், வழக்குப் போடுவதற்கும் நடத்துவதற்கும் அவர்களுக்கு முழுப் பாதுகாப்பு கொடுத்துவிட்டது. ரீகன் அமைச்சரவையில் தொழிலாளர் துறை பார்த்த ரேமண்ட் டோனவன் ஒரு கட்டுமான நிறுவனத்துக்காரர். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி போட்ட வழக்கால் பதவி போனது. 1987-ல் விடுதலையாகி வெளியே வந்தபோது, என் நற்பெயரைத் திரும்ப வாங்க எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டார். இன்றுவரைக்கும் அப்படி ஒரு அலுவலகம் கிடையாது.

நேற்றைய வீடியோவில் இருப்பவர் நல்லவரா கெட்டவரா எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. குற்றம் நிரூபணமானால் உள்ளே போகட்டும். ஆனால் அந்த வீடியோவில் காரைப் பார்த்துக்கொண்டு பின்னாலேயே நிற்கிற ஊழியர்களை யாராவது கவனித்தீர்களா? அவர்களில் ஒருத்தருக்கு இந்த வாரம் சம்பளம் வருமா என்று யாராவது கேட்டீர்களா? அண்ணா, உங்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். நீங்களும் தொழில் செய்கிறவர்தான், உங்கள் ஆபீஸிலும் ஃபைல்கள் இருக்கின்றன.

கீழே விவாதம் செய்யுங்கள், திட்டுங்கள், பரவாயில்லை. அந்த மனிதரின் மனைவி, பிள்ளைகள் படத்தைக் கமெண்டில் போடுகிறவர்களை மட்டும் கேட்காமலே பிளாக் செய்கிறேன். நேற்றே நாலைந்து பேரைச் செய்துவிட்டேன்.