மூவாயிரம் சதுர அடிப் பொய்

'3,000 சதுர அடி வரை தடையில்லாத சிக்னல்' என்று ரௌட்டர் அட்டைப்பெட்டியில் அச்சடித்த மகானுபாவர் ஒருநாள் எங்கள் கொல்லைக்கு வந்து உட்கார வேண்டும். மாட்டுக்கொட்டகை ஓரமாக நாற்காலி போட்டுத் தருகிறேன். காபியும் தருகிறேன். கையில் போனைக் கொடுத்து, திரையில் அந்த வட்டம் சுற்றி முடிகிற வரை எழுந்திருக்கக் கூடாது என்று மட்டும் சொல்வேன்.

எங்களுடையது கும்பகோணம் பக்கத்துக் கிராமத்து வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, அதைத் தாண்டிக் கிணற்றடி, பிறகு கொல்லை. வாசலிலிருந்து கொட்டகைக்கு 45 மீட்டர். சுவர்களோ தாத்தா காலத்துச் செங்கல்லும் சுண்ணாம்பும், ஒன்றரை அடி கனம். ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர் ரௌட்டரை ரேழி மாடத்தில் வைத்துவிட்டு ஏணியை மடக்கினார். இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்து வையுங்கள் என்றதற்கு, "வைஃபை எல்லா இடத்துக்கும் வரும் சார்" என்றார். வந்தது, கூடம் வரை. முற்றத்தில் திணறியது. இரண்டாம் கட்டில் உயிரை விட்டது.

கொல்லைக்கு எதற்கு வைஃபை என்று கேட்கிறார்கள். அப்பா பகல் முழுவதும் இருப்பது மாமரத்தடியில். செல்போன் டவரும் அங்கே எடுப்பதில்லை. பேத்தி வீடியோவில் கூப்பிட்டால் அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் அழைப்பு நின்றுவிடும். போதாததற்குச் சினை மாடு ஒன்று. இரவில் அதைப் பார்த்துக்கொள்ளக் கொட்டகையில் ஒரு கேமரா மாட்டியிருந்தேன். இது ஆடம்பரமா?

முதலில் கடைக்காரர் சொன்னபடி ஆறு கொம்பு, அதாவது ஆன்டெனா, முளைத்த பெரிய ரௌட்டர், 4,600 ரூபாய். கொம்பு கூடினால் தூரம் கூடுமாம். வைஃபை ஓடுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் உரிமமில்லாமல் ஒலிபரப்பும் கருவிக்கு 1 வாட், ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து 4 வாட் என்று அரசாங்கம் 2005-லேயே வரம்பு கட்டிவிட்டது. ஆறு கொம்பு என்ன, அறுபது கொம்பு வைத்தாலும் அதற்குள்தான் அடங்க வேண்டும். அதைவிடப் பெரிய சங்கதி ஒன்றை எந்தக் கடைக்காரரும் வாய் திறந்து சொல்வதில்லை. ரௌட்டர் கோயில் ஒலிபெருக்கி போலக் கத்தலாம். பதில் சொல்ல வேண்டியது சட்டைப்பையில் இருக்கிற போன். அதற்கு எலிக்குஞ்சின் தொண்டை. நான்கு சுவருக்கு அப்பாலிருந்து அது கீச்சிடுவது ரேழிக்குக் கேட்கவில்லை என்றால் ரௌட்டர் எவ்வளவு கத்தி என்ன பயன்? வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கேட்கவே வேண்டாம், அது கூடத்துச் சுவரிலேயே முட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

அடுத்தது ரிப்பீட்டர், ரௌட்டரின் சிக்னலை வாங்கித் திருப்பிச் சொல்கிற டப்பா, 1,800 ரூபாய். "சிக்னல் வராத இடத்தில் செருகிவிடுங்கள்" என்றார் அதே மனிதர். வராத இடத்தில் செருகினால் அது எதை எடுத்துச் சொல்லும்? காது கேட்காதவரை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைத்த கதை. சரியாகக் கேட்கிற இடத்தில் வைத்தாலும், ஒரே ரேடியோவில் கேட்பதும் திருப்பிச் சொல்வதுமாக இருப்பதால் வேகம் பாதியாகிவிடும். இதில் கொடுமை, போனில் சிக்னல் கோடுகள் முழுசாக நிற்கும். அவை போனுக்கும் ரிப்பீட்டருக்கும் உள்ள நெருக்கத்தை மட்டுமே காட்டுகின்றன. ரிப்பீட்டருக்குப் பின்னால் ஒன்றுமில்லை என்பதைக் காட்டுவதில்லை. "கோடு இருக்கிறதே, படம் ஏன் வரவில்லை?" என்று அப்பா என்னைக் கேட்பார், நான்தான் ஏதோ ஒளித்து வைத்திருப்பது போல.

அந்த ரிப்பீட்டரை நம்பித்தான் ஒரு ராத்திரி தூங்கப் போனேன். இரண்டு மணிக்கு விழித்துப் பார்த்தால் கேமரா 'மீண்டும் இணைக்கிறது' என்றது. மூன்று மணிக்கும் அதையே சொன்னது. சரி, வைஃபைதானே என்று கண்ணை மூடிவிட்டேன். விடிந்து போனால் கன்று எழுந்து நின்று பால் குடித்துக்கொண்டிருக்கிறது. மாடு என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

மெஷ் என்று, சிக்னலை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிப் பரப்புகிற மூன்று வெள்ளை டப்பாக்களை 9,200 ரூபாய்க்கு வாங்கியதைப் பற்றி எழுதவே கூசுகிறது. அவையும் ஒன்றோடொன்று காற்றில்தான் பேசிக்கொள்ள வேண்டும். நடுவில் அதே ஒன்றரை அடிச் சுவர். மூன்றாவது டப்பாவைப் பாலித்தீன் பையில் கட்டி மாமரத்தில் தொங்கவிடச் சொன்னார் ஒரு புண்ணியவான். தொங்கவிட்டேன். சித்திரை வெயிலில் அது பைக்குள்ளேயே வெந்துபோனது.

கடைசியில் வேறு ஊரில் கேமரா மாட்டுகிற ஒரு பையன் ஒரே வார்த்தையில் சொன்னான்: "ஒயர் இழுங்கள் அண்ணா." ரேழியிலிருந்து கொட்டகைக்கு ஒரு கேபிள், அதன் முனையில் மழைக்கும் தூசிக்கும் தாங்குகிற ஐபி65 தர அக்சஸ் பாயிண்ட், அதாவது அங்கேயே வைஃபை பரப்பும் பெட்டி. மின்சாரமும் அதே கேபிளில் போய்விடும். 100 மீட்டர் வரை கவலையில்லை, நமக்கு 45-தான். இந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னால் ஆறு கொம்பை யாரிடம் விற்பது!

அதிலும் என்னை விடவில்லை. கேட்-6 என்கிற நெட்வொர்க் கேபிள் கேட்டேன். "மீட்டர் கணக்கில் வாங்கினால் கட்டுப்படியாகாது, பெட்டியாக எடுங்கள்" என்று 305 மீட்டர்ப் பெட்டியைத் தலையில் கட்டினார்கள். நல்ல மலிவு. தூக்கும்போதே லேசாக இருந்தது. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். இரண்டு மாதம் ஓடியது. ஐப்பசி மழை பிடித்ததும் கொட்டகை அக்சஸ் பாயிண்ட் ராத்திரி முழுவதும் அணைவதும் எரிவதுமாக இருந்தது. முனையைப் பிரித்துக் கம்பியை பிளேடால் சுரண்டினால் செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளை வெளேர் என்று அலுமினியம்! மேலே செம்பு முலாம், அவ்வளவுதான். கேட்-6 என்று சொன்னால் முழுச் செம்பாக இருக்க வேண்டும் என்பதுதான் தரநிலை. அலுமினியம் மின்சாரத்தை அந்த அளவுக்குக் கடத்தாது, இரண்டு முறை மடக்கினால் ஒடியும், ஈரம் பட்டால் இணைப்பில் பூத்துவிடும். மேலுறையும் வீட்டுக்குள் போடுகிற சாதா ரகம், வெயிலில் வெடித்திருந்தது. இதையெல்லாம் கடையில் போய்க் கேட்டால், "எல்லோரும் இதைத்தான் சார் வாங்குகிறார்கள்" என்று பதில். முலாம் பூசிய வளையலைத் தங்கம் என்று விற்றால் போலீஸ் வரும். கேபிளுக்கு யாரும் வருவதில்லை.

மறுபடி 50 மீட்டர், முழுச் செம்பு, வெளிப்புறத்துக்கான கறுப்பு உறை, அணில் கடிக்காமல் இருக்கக் குழாய்க்குள் விட்டு இழுத்தாயிற்று. கொல்லையில் இப்போது வைஃபை ஓடுகிறது. அப்பா மாமரத்தடியில் பேத்தியோடு பேசுகிறார். இடி இடித்தால் மட்டும் ஓடிப்போய் ரேழியில் பிளக்கைப் பிடுங்குகிறேன். அந்த மலிவுப் பெட்டியில் மிச்சமிருந்த 250 மீட்டர் பரணில் கிடந்தது. போன வாரம் என் மனைவி அதிலிருந்து கொஞ்சம் வெட்டி இரண்டு தென்னைக்கும் நடுவே கொடி கட்டினாள். ஈரப் போர்வை ஒன்றைப் போட்டதும் அறுந்துவிட்டது.