கோவிந்த் சிங் என்ன, வைஸ்ராயா?

நேற்று என் பதிவின் கீழ் நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். முதல் உலகப்போரில் பிரிட்டனின் உச்ச வீரப்பதக்கமான விக்டோரியா கிராஸ் வாங்கிய கோவிந்த் சிங் படத்தைப் போட்டு நாலு வரி எழுதியது குற்றமாம். "வெள்ளைக்காரன் போட்ட எலும்புத்துண்டுக்கு ஓடியவன்" என்று ஒரு நண்பர் எழுத, அதற்கு வரிசையாகச் சிரிப்பு வேறு. சிரித்தவர்களில் பாதிப் பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள். சரி, இருக்கட்டும்.

அவர் ஒரு லான்ஸ் தஃபேதார், குதிரைப்படையில் ஒரு கீழ்ப்பதவி. ராஜஸ்தானின் மார்வாரில் நாகௌர் பக்கத்துக் கிராமத்துக்காரர். 1914இல் பிரிட்டன் போர் அறிவித்ததும், இந்தியாவில் ஒரு ஆளையும் கேட்காமல் நம்மையும் அதில் இழுத்துவிட்டார்கள். அப்போது இங்கே வைஸ்ராய் ஹார்டிஞ்ச். அவரைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். போரை முடிவு செய்தவன் வேறு, அதில் குதிரை ஏறியவன் வேறு.

1917 டிசம்பர் 1, பிரான்ஸில் காம்ப்ரே சண்டை. முந்தைய நாள் ஜெர்மானியர் திருப்பி அடித்ததில் பிரிட்டிஷ் வரிசை உடைந்திருந்தது. எப்பேஹி என்ற ஊர் அருகே, கோவிந்த் சிங் அப்போது இணைக்கப்பட்டிருந்த இரண்டாவது லான்சர்ஸ் என்ற இந்தியக் குதிரைப்படை ரெஜிமென்ட் குதிரையோடு பாய்ந்து கில்டேர் அகழியைப் பிடித்தார்கள். பிடித்த இடத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். பிரிகேட் தலைமையகத்துக்கும் ரெஜிமென்ட்டுக்கும் நடுவே ஒன்றரை மைல் வெட்டவெளி, முழுக்க எதிரியின் கண்ணெதிரில். அதில் செய்தி கொண்டுபோக மூன்று முறையும் தானாகவே முன்வந்தார் கோவிந்த் சிங். மூன்று முறையும் குதிரை சுடப்பட்டு விழுந்தது. மூன்று முறையும் மிச்ச தூரத்தைக் காலாலேயே கடந்து செய்தியைச் சேர்த்தார். அந்த அகழிக்குள் ஜார்ஜ் மன்னரா உட்கார்ந்திருந்தார்? கூடவே தின்று, கூடவே தூங்கிய ஆட்கள் இருந்தார்கள்.

வெள்ளைக்காரன் பதக்கம்தானே என்பார்கள். ஆமாம். விக்டோரியா கிராஸை இந்தியனுக்கும் தரலாம் என்று அவர்களுக்குத் தோன்றியதே 1911இல்தான். முதல் உலகப்போரில் அதைப் பெற்ற இந்தியக் குதிரைப்படையினர் இரண்டே பேர். இன்னொருவர் பத்லு சிங், 1918 செப்டம்பரில் ஜோர்டான் நதிக்கரையில் இறந்தே போனார். அவரும் எலும்புத்துண்டுக்குத்தான் போனாரா?

"நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒருவர். கோவிந்த் சிங்கின் சொந்த ரெஜிமென்ட் 28வது லைட் கேவல்ரி. 1903 வரை அதன் பெயரிலேயே மதராஸ் இருந்தது ஐயா.

ஜாலியன்வாலாபாகில் சுட்டதும் இந்தியச் சிப்பாய்கள்தானே என்கிறீர்கள். சுட்டார்கள். 1806இல் வேலூர்க் கிளர்ச்சியை நசுக்க ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லஸ்பியோடு வந்ததிலும் மதராஸ் குதிரைப்படை இருந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பழியைக் கொண்டுவந்து காம்ப்ரேயில் செய்தி சுமந்தவன் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்? போரை முடிவு செய்தவன் வேறு என்று இன்னும் எத்தனை தடவை சொல்வது! இன்னொரு பக்கம், அவரைப் பாரதமாதாவுக்காகப் போரிட்டவர் ஆக்கி வாட்ஸ்அப்பில் சுற்றவிடும் கூட்டம். அவர்களிடம் பேசிப் பயனில்லை, விடுங்கள்.

சம்பளத்துக்குப் போனார் என்றால், போனார்தான். என் தாத்தாவும் சம்பளத்துக்குத்தான் போனார். இரண்டாம் போரில் பர்மா எல்லையில் லாரி ஓட்டினார். போர் முடிந்ததும் வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டார்கள், பென்ஷன் கிடையாது. பிற்காலத்தில் ஏதோ உதவித்தொகைக்கு மனு கொடுக்கப் போன இடத்தில், "எங்களைக் கேட்டுக்கொண்டா வெள்ளைக்காரனிடம் போனீர்?" என்று கேட்டு அனுப்பினார்களாம். அதன்பிறகு அவர் எந்த ஆபீஸ் படியும் ஏறவில்லை. சுதந்திர தினத்தன்று தெருவில் மிட்டாய் கொடுத்தால்கூட வெளியே வரமாட்டார். நேற்று அந்த எலும்புத்துண்டு வரியைப் படித்தபோது எனக்கு நாகௌர் நினைவுக்கு வரவில்லை.

எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டுப் பெரியவர் அதே காலத்தில் தாலுகா ஆபீஸில் உட்கார்ந்து, விளைச்சல் பொய்த்த வருஷத்திலும் வெள்ளைக்காரனுக்கு வரி வசூலித்துக் கொடுத்தவர். ராவ் பகதூர் பட்டத்தோடு அவர் பெயர்ப்பலகை இன்னும் வாசலில் தொங்குகிறது, பாலிஷ் போட்டு. நேற்றுச் சிரித்தவர்களில் அந்த வீட்டுப் பேரனும் ஒருவர். முதலில் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று எலும்புத்துண்டு என்று சொல்லிவிட்டு வாருங்கள் தம்பி. அப்புறம் கோவிந்த் சிங்கைப் பற்றிப் பேசலாம்.