2520 மட்டும்தான் அப்படி வகுபடுமா?

ஹட்டன், தலவாக்கலை பக்கத்துப் பெற்றோர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி மறுபடியும் சுற்றுகிறது: "1 முதல் 10 வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் ஒரே எண் 2520. இராமானுஜன் கண்டுபிடிக்கும்வரை யாருக்கும் தெரியாது."

2520 அப்படி வகுபடுவது சரி. "ஒரே எண்" என்பது தவறு. 5040, 7560, 10080 என்று 2520இன் மடங்குகள் எல்லாமே வகுபடும், அவற்றுக்கு முடிவே கிடையாது. போனிலுள்ள கல்குலேட்டரில் 5040ஐ 7ஆலும் 9ஆலும் வகுத்துப் பாருங்கள்.

2520 அவற்றில் மிகச் சிறியது, அவ்வளவுதான். நம் பிள்ளைகளின் கணிதப் புத்தகத்தில் இதற்குப் பொது மடங்குகளுட் சிறியது என்று பெயர். 8, 9, 5, 7 நான்கையும் பெருக்கினால் 2520 வந்துவிடும். 4 ஏற்கெனவே 8க்குள் இருக்கிறது, 6க்கும் 10க்கும் வேண்டிய 2, 3, 5 உள்ளே இருக்கின்றன. இதே வழியில் 20 வரை போனால் கிடைப்பது 23,27,92,560. செய்தியைவிட இந்தக் கணக்குதான் எவ்வளவு அழகு!

பொது மடங்குகளுட் சிறியதைக் கண்டுபிடிப்பது இராமானுஜனுக்கு 2000 ஆண்டுகளுக்கும் முந்தியது, பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் அதற்கு வழி எழுதி வைத்திருக்கிறார். இராமானுஜன் 1915இல் ஆராய்ந்தது வேறு விஷயம்: தம்மைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்கள். 48 காரணிகளுள்ள 2520 அந்தப் பட்டியலில் உண்டு. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை "ஒரே எண்" என்று மனப்பாடம் செய்துவிடக்கூடாது. தயவுசெய்து இதை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். வந்த குழுவிலேயே 5040ஐ எழுதிக் காட்டுங்கள்.