தூதரகம் "இந்திய மண்" இல்லை, ஆனால் பாதுகாப்பு உண்டு

அண்ணா, நம்ம கோத்தகிரிப் பையன் வெளிநாட்டில் இந்தியத் தூதரக வேலைக்குப் போகிறான் என்ற பதிவின் கீழே, "தூதரகம் இந்திய மண், குண்டு வெடித்தாலும் அந்த நாட்டுப் போலீசுக்குப் பொறுப்பில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு.

நிலம் அந்த நாட்டுடையதுதான். குன்னூரில் வாடகைக்கு விட்ட வீட்டுக்குள் உரிமையாளர் கேட்காமல் நுழைய முடியாது, அதற்காக வீடு குன்னூரை விட்டுப் போய்விடுமா? தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா ஒப்பந்தத்தின் 22ஆவது பிரிவும் அப்படித்தான்: தூதரின் அனுமதியின்றி அந்த நாட்டு அதிகாரிகள் உள்ளே வரக் கூடாது. ஆனால் தாக்குதலிலிருந்து அந்த இடத்தைக் காப்பது அந்த நாட்டின் தனிக் கடமை.

இது வெறும் காகிதப் பேச்சு இல்லை. 1979இல் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்தவர்கள் மாணவர்கள், அரசுப் படையினர் அல்ல. ஆனாலும் தடுக்கத் தவறியதற்கு ஈரான் அரசே பொறுப்பு என்று 1980இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தாக்கியவன் வேறு நாட்டுக்கு ஓடினால்? தூதர்கள் போன்றோரைத் தாக்குபவர்களைத் தண்டிப்பதற்கான 1973 ஐ.நா. ஒப்பந்தப்படி, அதில் சேர்ந்த நாடு அவனை ஒப்படைக்க வேண்டும், இல்லையேல் தானே வழக்கு நடத்த வேண்டும். இந்தியாவும் அதில் உண்டு.

சட்டம் இருந்தும் 2008 ஜூலையில் காபூலில் நம் தூதரக வாசலில் குண்டு வெடித்தது, நம்மவர்களும் இறந்தார்கள். ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பையனின் அம்மா இந்தப் பதிவைப் படிக்கிறார். கருத்தைத் திருத்திவிடுங்கள் அண்ணா.