கடலுக்குள் போன தெருவும் பட்டினத்தார் சமாதியும்

திருவொற்றியூர்க் குப்பத்தில் வலை பின்னும் முதியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், கருங்கல் கொட்டிக் கிடக்கும் கரைக்கு அப்பால் கடலைக் காட்டி, "எங்க பழைய தெரு அங்கதான் இருந்திச்சு" என்பார்கள். அதைக் கதை என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. 1875-இல் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டு அலைதடுப்புச் சுவர்கள் எழும்பிய பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தேங்கி மெரினாவை அகலமாக்கியது. மணல் வரத்தை இழந்த எங்கள் கரையைக் கடல் அரித்துத் தின்றது. புதுச்சேரிக்கு அருகே பழைய துறைமுக ஊரான அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்ததையும், பாலாற்று முகத்துவாரத்து வசவசமுத்திரத்திலும் அவ்வகை ஓடுகள் கிடைத்ததையும் சொல்லி, பழங்காலக் கடல் வணிகத்துக்கு வடசென்னையில் என்ன சான்று இருக்கிறது என்று கேட்பவர்கள், இங்கே தோண்டுவதற்கான கரையே போய்விட்டதை மறந்துவிடுகிறார்கள்.

மண் இல்லாத இடத்தில் வாய்மொழிதான் முதல் தடயம். மாமல்லபுரத்தில் ஏழு கோயில்கள் இருந்தன, அவற்றுள் ஆறு மூழ்கின என்று வழிவழியாகச் சொல்லிவந்தார்கள். மீனவர்கள் சொன்ன குறிப்பைப் பின்பற்றி 2002-இல் கடலில் இறங்கியவர்கள் கட்டடச் சுவர்போன்ற கல் வரிசைகளைக் கண்டார்கள். மீனவர் சொல் இடத்தைக் காட்டியது. ஏழு என்ற எண்ணிக்கையை எவரும் மெய்ப்பிக்கவில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் வெளிப்பட்ட கல்வெட்டைத் தொடர்ந்து அகழ்ந்தபோது, பல்லவர் காலக் கோயிலுக்கு அடியில் அதனினும் பழைய செங்கல் கோயில் இருந்தது. காலத்தைச் சொன்னவை கல்வெட்டும் மண்ணடுக்குமே.

எங்கள் ஊர்ப் பட்டினத்தாரையே எடுத்துக்கொள்ளுங்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பல் விட்ட வணிகர் இந்தக் கடற்கரையில் சமாதியானார் என்பது நம்பிக்கை. அப்பெயரில் வெவ்வேறு நூற்றாண்டுகளில் ஒருவருக்கு மேற்பட்டோர் இருந்ததாக அறிஞர்கள் கருதுகிறார்கள். ஊர் நினைவு அவர்களை ஒருவராக்கிவிட்டது. காலத்தைக் குழப்பிய அந்த நினைவு, இரண்டு கடற்கரை ஊர்களையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அதைக்கொண்டு வணிகவழி வரைந்துவிட முடியாதுதான். (பத்தாயிரம் ஆண்டுப் பெருமையை வாட்ஸ்அப்பில் சுற்றவிடும் நம்மவர்களால்தான் இந்த வாய்மொழிச் செய்திகளை ஆய்வாளர்கள் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள் என்பது என் எண்ணம்.)

டச்சுக்காரர்கள் 1613-இல் கோட்டை கட்டிய பழவேற்காட்டுக்குக் கல்லறைகளாவது மிஞ்சின. நமக்கு மிஞ்சியிருப்பது, வலை சிக்கும் கடலடிப் பாறைத்திட்டுகளான பார்களுக்கு மீனவர்கள் வைத்திருக்கும் பெயர்களே. ஒவ்வொரு விசைப்படகிலும் ஜிபிஎஸ் இருக்கிறது. பாரின் பெயரையும் இருப்பிடத்தையும், அங்கே வலையில் ஏறிய ஓட்டையும் கல்லையும் குறித்துத் தொல்லியல் துறையிடம் கொடுக்கப் பெருஞ்செலவு ஆகாது. இதைத் துறைமுக விரிவாக்கத்துக்காக ஆழப்படுத்துவதற்கு முன்பே செய்யவேண்டும். என் பெரியப்பா காலத்தில் கோயில் கோபுரத்தையும் கரையோரப் பனையையும் ஒரே கோட்டில் வைத்துத்தான் ஒரு பாரைக் கண்டுபிடிப்பார்கள். பனை கடலில் விழுந்துவிட்டது. இப்போது அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியைப் பார்த்துப் போகிறார்கள், பனை நின்ற இடம் தெரிந்தவர்கள் குப்பத்தில் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள்.