எரிந்தால் போதுமா?

"எரியுதில்ல சார்? அப்புறம் என்ன?" என்று கேட்டுவிட்டு எனக்கு விளக்குக் கருவி விற்ற கடைக்காரர் தொலைபேசியை வைத்துவிட்டார். வீட்டில் உயிருள்ள பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டிக்குச் சொந்தமாக விளக்குக் கட்டியிருக்கும் எவர் காதிலும் இந்தக் கேள்வி ஒருமுறையாவது விழுந்திருக்கும்.

எரிந்தால் மட்டும் போதும் என்றால், தர்மபுரியிலேயே ஒரு ட்யூப்லைட் வாங்கி மாட்டியிருப்பேனே! விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து, ஓசூர் நெரிசலைத் தாண்டி, பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, '700 மில்லி ஆம்பியர், கான்ஸ்டன்ட் கரண்ட்' (மாறாத மின்னோட்டம்) என்று அச்சிட்டிருந்த டிரைவரை, அதாவது எல்இடிக்கு மின்னோட்டத்தை அளந்து கொடுக்கும் கருவியை, தேடி எதற்காக வாங்கினேன்? என் இரண்டடித் தொட்டியின் மேல் பன்னிரண்டு ராயல் ப்ளூ எல்இடிகளை ஒரே தொடராகக் கோத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் 700 மில்லி ஆம்பியருக்கென்றே செய்யப்பட்டது. அதைத் தாண்டினால் சூடேறிச் செத்துப்போகும் என்பதால்தானே அந்த எண்ணைக் கேட்டுக் கேட்டு வாங்கினேன்?

மாட்டிய அன்று வெளிச்சம் பளிச்சென்று இருந்தது. பழைய டிரைவரை உப்புப் பூத்து அரித்திருந்ததால், இத்தனை நாள் ஒளிதான் மங்கிக் கிடந்தது போலும் என்று மகிழ்ந்தேன். நான்காம் நாள் ஜோவாக்கள் (பூப்போல விரியும் சிறு பவள உயிர்கள்) மூடிக்கொண்டன. ஏழாம் நாள் பச்சை மஷ்ரூம் பவளம் சுருங்கி, ஓரத்திலிருந்து வெளிறத் தொடங்கியது. (கல்பவளங்களைச் சட்டம் பாதுகாக்கிறது, அவற்றை நான் வளர்ப்பதில்லை.) யாராக இருந்தாலும் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகிப்பார்கள்; நானும் சந்தேகித்தேன். உப்படர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி என்று இரண்டும் சரியாகவே இருந்தன. இருந்தும் மனம் கேளாமல் பதினாறு லிட்டர் வீதம் இரண்டு முறை தண்ணீரை மாற்றினேன். லிட்டருக்கு 35 கிராம் என்ற கணக்கில் ஒரு கிலோவுக்கு மேல் கடலுப்புக் கலவை போயிற்று. அதைவிட வயிறெரிவது தண்ணீரை நினைத்துத்தான். எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி. ஒகேனக்கலிலிருந்து குழாய் பதித்துக் காவிரி நீரைக் கொண்டுவந்ததே அதற்காகத்தான். அப்படி வரும் நீரை ஆர்ஓவில் விட்டு, ஒரு குடம் சுத்த நீருக்காக இரண்டு மூன்று குடம் கழிவை வெளியே தள்ளி, இந்த வெயிலில் அத்தனையையும் நான் வீணாக்கியது ஒரு பொய் லேபிளை நம்பியதால்.

பத்தாம் நாள் மாலை ஏழு மணிக்கு நீலத் தொடர் முழுவதும் அணைந்தது. தொடரில் ஒன்று அறுந்தால் பன்னிரண்டும் இருண்டுவிடும் என்பதும், அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க ஓர் இரவு போகும் என்பதும் உங்களுக்குத் தெரியும். மின்னிணைப்பைத் துண்டித்து, எல்இடிகளின் சூட்டை உறிஞ்சும் அலுமினிய ஹீட் சிங்கைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்து, பற்றவைத்த ஒவ்வொரு முனையிலும் படிந்திருந்த வெள்ளை உப்பைப் பல்துலக்கும் தூரிகையால் தேய்த்து எடுத்தேன். மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டேன். முதல் ஆறும் மினுக்கென்று நீலமாக ஒளிர்ந்தன. ஏழாவது ஒளிரவில்லை. அதன் நடுவில் கடுகளவு கருப்பாகப் பொசுங்கியிருந்தது. திருகைக் கழற்றித் தூக்கினால், சூட்டைக் கடத்த அடியில் தடவியிருந்த பசை காய்ந்து சுண்ணாம்புத் தூளாக உதிர்ந்தது. புதியதை வைத்துப் பற்றவைக்கப் போனால், அலுமினியம் சூட்டை முழுக்க உறிஞ்சிக்கொள்கிறது. 25 வாட் சால்டரிங் அயர்னில் ஈயம் உருகி ஒட்டவே மறுக்கிறது. பக்கத்து வீட்டில் 60 வாட் அயர்னை இரவல் வாங்கி வந்து முடித்தபோது மணி பன்னிரண்டரை. அப்போதுதான் ஏதோ உறுத்த, மீட்டரைத் தொடரில் இணைத்துப் பார்த்தேன்: 0.91 ஆம்பியர்.

எழுநூறு என்று அச்சிட்டுவிட்டுத் தொள்ளாயிரத்துப் பத்தைத் தருகிறார்கள். முப்பது விழுக்காடு கூடுதல்! மறுநாள் காலை இதைச் சொல்லத்தான் அழைத்தேன்; அதற்குத்தான் அந்தப் பதில்.

வீட்டுக் கூடத்தில் எரியும் விளக்கு நாம் பார்ப்பதற்கு. தொட்டியின் மேல் எரியும் விளக்கு உள்ளே இருப்பவற்றுக்குச் சோறு. பவளத்தின் சதைக்குள் வாழும் நுண்பாசி அந்த நீல ஒளியில் உணவு சமைத்துப் பவளத்துக்கும் ஊட்டுகிறது. ஒளி திடீரென்று மிகுந்தால் அந்தப் பாசியே நஞ்சாகிவிடுகிறது. பவளம் அதை வெளியே உமிழ்ந்துவிட்டு வெளுத்துப் பட்டினி கிடக்கிறது. 2016ஆம் ஆண்டு மன்னார் வளைகுடாவில் கடல் சூடேறியபோது பவளங்கள் வெளுத்ததும் பாசியை இப்படி இழந்துதான். கடல் சூடேறுவதை என்னால் தடுக்க முடியாது. ஆனால் என் கூடத்தில் இருக்கும் தொட்டி, யாரோ ஒருவர் அளந்துகூடப் பார்க்காமல் ஒட்டிய காகிதத்தால் வெளுக்க வேண்டுமா? சந்தையில் தக்காளி நிறுக்கும் தராசுக்கு முத்திரை கேட்கிறோம். அரை லிட்டர் பாலில் ஐம்பது மில்லி குறைந்தால் சண்டைக்குப் போகிறோம். இதைக் கேட்டால் மட்டும் நான் வேலையற்றவனா?

இப்போது இரண்டு மடங்கு விலை கொடுத்து வேறொரு டிரைவரை வரவழைத்திருக்கிறேன். தொட்டிப் பக்கம் கொண்டுபோவதற்கு முன்பே, கழற்றி வைத்திருந்த எல்இடித் தொடரில் இணைத்து மீட்டரில் பார்த்தேன்: 0.69. எட்டு மணி நேர ஒளியை நான்காகக் குறைத்து, வாரத்துக்கு ஒரு மணி நேரமாகக் கூட்டி வருகிறேன். முப்பதுக்கு மேல் இருந்த ஜோவாக்களில் இன்று காலை பதினொன்று விரிந்திருந்தன. மஷ்ரூம் இன்னும் பாறையை விட்டு எழவில்லை. நனைந்த காகிதம் போல வெளுத்து ஒட்டிக் கிடக்கிறது.